ஓரக்கல்லுக்கு உயரம் எவ்வளவு?

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவில் ஒரு பக்கம் பிளாட்பாரம் ஏறவே முடியாத உயரம். எதிர்ப்பக்கம் ரோடும் பிளாட்பாரமும் ஒரே மட்டம். பைக் எல்லாம் அதன் மேலேயே ஓடுகிறது. பிளாட்பாரத்தின் விளிம்பில் பதிக்கிற அந்த ஓரக்கல்லுக்கு அளவு என்று ஒன்றும் கிடையாதா? அது எதற்குத்தான் இருக்கிறது?"

அளவு உண்டு. பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது புழங்கும் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஆறு அங்குலம். நாட்டில் சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐஆர்சி) 2012ல் வெளியிட்ட ஐஆர்சி 103 என்ற வழிகாட்டி, நடந்து போகிறவர்களுக்கான வசதிகளைப் பற்றியது. நடைபாதையின் உயரம் ரோட்டிலிருந்து 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. நோட்டைக் கல்லோடு சேர்த்து நெடுக்காகப் பிடித்துப் பாருங்கள். நோட்டின் தலைக்கு மேல் கல் தெரிந்தால் அந்த நடைபாதை தப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. அல்லது முதலில் சரியாகக் கட்டி, பிற்பாடு உயர்த்திக் கட்டியதில் தப்பாகியிருக்கிறது. நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நான் இருபது வருடமாகச் சாலை வேலைகளில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சைட்டில் இதை "கெர்ப்" என்போம், "கெர்ப் கல்" என்போம். ஒரு கல் ஒன்றரை அடி நீளம், ஒரு அடி உயரம், அரை அடி தடிமன் என்று வைத்துக்கொண்டால் எடை ஐம்பது கிலோவை ஒட்டி வரும். அந்த ஒரு அடியில் பாதிதான் வெளியே தெரியும். மீதிப் பாதி மண்ணுக்குள். முன்பெல்லாம் கருங்கல்லில் செதுக்கிப் பதித்தார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் சில சந்துகளில் அந்தப் பழைய கற்கள் இன்னும் இருக்கின்றன. மேல்விளிம்பு கால் பட்டுப் பட்டு மழுங்கி, மாவாட்டும் குழவி போல வழுவழுவென்று ஆகிவிட்டது. இப்போது வருவதெல்லாம் அச்சில் வார்த்த காங்கிரீட்.

பதிக்கிற வேலையை ஒருமுறை நின்று பார்த்தால் இந்தக் கல்லின் மேல் தனி மரியாதை வந்துவிடும். பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், போக்குவரத்து குறைந்த பிறகுதான் நடக்கும். கொத்தனார் இரண்டு கம்பி அடித்து நடுவில் நூல் கட்டுவார். கீழே சல்லிக் கலவையில் ஒரு படுக்கை. இரண்டு பேர் கல்லைத் தூக்கி வைக்க, அவர் கரணைக் கட்டையால் இரண்டு தட்டு தட்டி, ரசமட்டத்தில் குமிழியைப் பார்ப்பார். குமிழி நடுவுக்கு வந்தால் அடுத்த கல். அதோடு முடியாது. கல்லின் முதுகுப்பக்கம், நடைபாதைக்கு உள்ளே மறைந்துபோகிற இடத்தில், காங்கிரீட்டால் முட்டுக் கொடுக்க வேண்டும். ரோட்டிலிருந்து பஸ் சக்கரம் வந்து இடித்தால் தாங்குவது அந்த முட்டுதான். வெளியே தெரியாத வேலை என்பதால் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவதும் அதுதான். புதிதாகப் போட்ட பிளாட்பாரத்தில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கற்கள் ஆடும் பல் மாதிரி சாய்ந்து நின்றால், முட்டு கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

சரி, எதற்கு இந்தக் கல்?

முதல் வேலை தண்ணீர். தார் ரோடு தட்டையாக இருக்காது; நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. சரிவு நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரை. ஏழு மீட்டர் அகல ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். மழை பெய்ததும் தண்ணீர் இரண்டு ஓரத்துக்கும் வந்து, ஓரக்கல்லில் முட்டி, கல்லை ஒட்டியே ஓடி, கல்லில் விட்டிருக்கும் வாய் வழியாக மழைநீர் வடிகாலில் இறங்க வேண்டும். ஓரக்கல்தான் அந்த ஓடைக்குக் கரை. கரை இல்லாவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் போகும். வாய் அடைத்திருந்தால் ரோட்டில் நிற்கும். கீழே எத்தனை கோடி செலவழித்து வடிகால் கட்டினாலும், மேலே இருக்கிற ஒரு சாண் அகல வாயில் பாலித்தீன் பை சொருகிக்கொண்டால் அவ்வளவுதான். ஐப்பசி மழையில் தூய்மைப் பணியாளர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று, கம்பியால் அந்த வாயைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கை கண்டுபிடிக்கிற அந்த ஓட்டைதான் அந்தத் தெருவின் மொத்த வடிகால்.

இரண்டாவது வேலை தாரின் விளிம்பு உதிராமல் பிடித்துவைப்பது. அதை விட்டுவிடுகிறேன், எங்களுக்குத்தான் அது சுவாரசியம்.

மூன்றாவது வேலை, வண்டி எதுவரை, மனிதன் எதுவரை என்று சொல்வது. கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயியில் உயரமான ஓரக்கற்களோடு நடைபாதைகள் இருந்தன. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். சில கற்களில் கயிறு கட்டுவதற்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது வேறொன்று. நடைபாதை உயரமாக இருப்பதால், ரோட்டைக் கடக்க நடுவே பெரிய பெரிய கற்களை நடைபாதையின் மட்டத்துக்கே போட்டுவைத்தார்கள். வண்டிச் சக்கரம் போக இடைவெளி உண்டு. நடக்கிறவன் இறங்கவே வேண்டாம், தண்ணீரிலும் சேற்றிலும் கால் வைக்க வேண்டாம். இன்றைக்கு நாங்கள் "டேபிள் டாப் கிராஸிங்" என்று வரைபடத்தில் போடுவதும் இதே யோசனைதான்: மனிதன் கீழே இறங்குவதற்குப் பதில் ரோடு மேலே ஏறி வருகிறது. வண்டியும் தானாக வேகம் குறைக்கும். பள்ளிக்கூட வாசல் ஒவ்வொன்றிலும் இது வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே தெருவில் ஒரு பக்கம் முழங்கால் உயரம், ஒரு பக்கம் தரைமட்டம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை மேல்தார் போட்டால் 40 மில்லிமீட்டர் ஏறும். நான்கு முறை போட்டால் 160. ஆறு அங்குலக் கல் ரோட்டுக்குள் மூழ்கிவிட்டது. கண்ணுக்கு ஓரக்கல் தெரியும், ஆனால் ரோடும் அதுவும் ஒரே மட்டம். பைக் ஏறுகிறது, கார் ஏறுகிறது, மழைத்தண்ணீரும் ஏறுகிறது. அப்புறம் யாரோ புகார் கொடுக்க, அந்தப் பக்கத்துக்கு மட்டும் நடைபாதையை உயர்த்திக் கட்ட உத்தரவு வரும். இந்த முறையும் மூழ்கிவிடக் கூடாதே என்று, இனி வரப்போகிற தாருக்கெல்லாம் சேர்த்து உயரம் வைத்துக் கட்டுவார்கள். அதுதான் உங்கள் தெருவின் முழங்கால் உயரம். பக்கத்தில் இருக்கிற பழைய வீட்டைப் பார்த்தால் முழுக் கதையும் புரியும். ஒரு காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போன திண்ணை, இப்போது ரோட்டுக்குக் கீழே இருக்கும். உள்ளே போக இரண்டு படி இறங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். சுரண்டுவதைச் சைட்டில் "மில்லிங்" என்போம். பற்கள் பதித்த உருளையோடு ஒரு பெரிய மெஷின் வந்து பழைய தாரைத் துருவி எடுக்கும். அந்த உத்தரவுக்குப் பிறகு பெரிய சாலைகளில் நல்ல மாற்றம் தெரிகிறது. அந்த மெஷின் நுழைய முடியாத சிறு தெருக்களில்தான் இன்னும் பழைய கதை நடக்கிறது.

உயரம் கூடினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன்பு அம்மா பென்ஷன் எடுக்க ஒரு வங்கிக்குப் போனார். வேலையை முடித்துவிட்டு நடைபாதையிலிருந்து ரோட்டில் கால் வைத்தவர், கால் தரையைத் தொடுவதற்கு முன்பே நிலை தவறி விழுந்து, ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம். மறுநாள் நான் போய் டேப் வைத்து அளந்தேன். 390 மில்லிமீட்டர். வீட்டு மாடிப்படியில் ஒரு படி ஆறிலிருந்து ஏழு அங்குலம் வரை இருக்கும். இது பதினைந்து அங்குலத்துக்கும் மேல். எழுபது வயதுக்காரரை இரண்டு படிக்கு மேலான உயரத்தை ஒரே எட்டில், பிடிக்கக் கம்பிகூட இல்லாமல் இறங்கச் சொல்லியிருக்கிறோம். அன்று முதல் என் ஸ்கூட்டர் பெட்டியில் டேப் நிரந்தரமாக இருக்கிறது. போகிற தெருவையெல்லாம் அளக்கிறேன்.

அப்படி அளந்து அளந்து ஒன்று தெளிவானது. வயதானவர்கள் பிளாட்பாரத்தில் நடக்காமல் ரோட்டோரமாகவே நடப்பதைப் பார்த்து, பழக்கம் சரியில்லை என்று சொல்வார்கள். ஒரு தெருவில் நடைபாதை ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் இறங்கி ஏறினால், நூறடிக்குள் பத்து முறை இறங்கிப் பத்து முறை ஏற வேண்டும். மூட்டுவலியோடு யார் அதைச் செய்வார்கள்? கார் உள்ளே போவதற்காக நடைபாதையை வெட்டி இறக்குவது தவறு. நடைபாதை அதே மட்டத்தில் நேராகப் போக வேண்டும்; ஓரக்கல்லை ஒட்டிய சிறு பட்டையில் மட்டும் சரிவு வைத்தால் கார் ஏறிப் போய்விடும். கார் ஏறி இறங்கட்டும், அதற்கு இன்ஜின் இருக்கிறது.

சக்கர நாற்காலிக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சாய்தளத்தின் விகிதம். 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் சாய்தளம். உயரம் 390 ஆனால் ஏறக்குறைய 4.7 மீட்டர், அதற்கு எந்தத் தெருமுனையிலும் இடம் கிடையாது. அதனால்தான் உயரமான நடைபாதைகளில் சாய்தளம் இருப்பதில்லை, இருந்தாலும் சறுக்குமரம் போல நிற்கிறது. அமெரிக்காவில் போரில் கால் இழந்து திரும்பியவர்களுக்காக 1940களிலேயே மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஓரக்கல்லைச் சாய்த்து வெட்டிப் பார்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சக்கர நாற்காலியில் இருந்த மாணவர்கள் போராடி நகரெங்கும் அதைக் கொண்டுவந்தார்கள். 1990ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. வெட்டிய பிறகு பார்த்தால், குழந்தை வண்டி தள்ளுகிறவர், பெட்டி இழுத்துக்கொண்டு போகிறவர், சாமான் இறக்குகிறவர் எல்லோரும் அந்தச் சரிவைத்தான் தேடிப் போனார்கள். நம் ஊரில் கேஸ் சிலிண்டரை விளிம்பில் உருட்டிக்கொண்டு வருகிற தம்பியையும், மீன்பாடி வண்டியில் தண்ணீர்க் கேன் கொண்டு வருகிற அண்ணனையும் கவனியுங்கள். சாய்தளம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம்.

அப்படியானால் ஓரக்கல்லே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். பார்வையில்லாதவருக்கு ஓரக்கல்தான் எல்லைக்கோடு. கையில் இருக்கிற கோல் அந்த விளிம்பில் தட்டுப்பட்டால்தான், இதற்கு அப்பால் ரோடு என்று அவருக்குத் தெரியும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 2009ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விளிம்பின் உயரம் 60 மில்லிமீட்டர் இருந்தால் நம்பகமாகத் தெரிந்துகொள்ள முடிகிறது, அதற்குக் குறைந்தால் தவறிப்போகிறது என்பது அவர்கள் கண்டது. இப்போது அதே ஐந்நூறு ரூபாய் நோட்டைக் குறுக்காகத் திருப்புங்கள். அகலம் 66 மில்லிமீட்டர். நோட்டின் நீளத்தைத் தாண்டினால் வயதானவருக்கு ஆபத்து, அகலத்துக்குக் குறைந்தால் பார்வையில்லாதவருக்கு ஆபத்து என்று நான் நினைவு வைத்திருக்கிறேன். சாய்தளம் தரையைத் தொடுகிற இடத்தில் விளிம்பே இருக்காது அல்லவா? அதற்காகத்தான் அங்கே புள்ளி புள்ளியாக மேடிட்ட மஞ்சள் கல் பதிக்கிறோம். ஜப்பானின் ஒகயாமா நகரில் செய்இச்சி மியாகே கண்டுபிடித்த கல் அது; 1967ல் அங்கே பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு தெருவில் முதலில் பதிக்கப்பட்டது. அது அழகுக்கு அல்ல. நடுவில் மின்பெட்டியோ மரமோ வந்தால் அந்த மஞ்சள் வரிசையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். நேராகக் கொண்டுபோய் மின்பெட்டியில் முட்டவிட்ட வரிசைகளை நான் பார்த்திருக்கிறேன். அதை நம்பி நடந்து வருகிறவரை நினைத்தால் மனசு பதறுகிறது.

பஸ் நிறுத்தத்திலும் இந்த உயரம்தான் பேசுகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். ஓரக்கல் 150 இருந்து, ஓட்டுநர் கல்லை ஒட்டி நிறுத்தினால் மீதி 250தான். பஸ் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும். நிறுத்தத்தில் பைக்கும் ஆட்டோவும் நின்று, பஸ் நடு ரோட்டில் நின்றால் அத்தனை வசதியும் வீண். ஓரக்கல்லை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் ஒரு பாட்டியை 400 மில்லிமீட்டர் ஏறச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி, இந்தக் கல்லில் உட்காருகிறவர்கள். இதையும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. எங்கள் பக்கத்துக் கோயில் தெருவில் ஒரு பூக்கார அம்மா காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். ஓரக்கல்லின் மேல் மடித்த கோணி, அதன் மேல் அவர். எதிரில் கூடை, நாரின் முனை கால் பெருவிரலில். கண் தெருவில் இருக்கும், கை தானாகக் கட்டிக்கொண்டே போகும். வெயில் ஏறினால் மூன்று கல் தள்ளி நிழலுக்கு நகருவார். அந்தத் தெருவில் கல் மாற்றும் வேலை என் பொறுப்பில் நடந்தது. "கல்லைக் கொஞ்சம் வழவழன்னு போடுப்பா, புடவை கிழியுது" என்றார். அதன் பிறகு மேல்விளிம்பு மழுக்கிய கற்களாகப் பார்த்துத்தான் இறக்குகிறேன். இளநீர் வெட்டுகிறவர், சாவி செய்கிறவர், கையேந்தி பவனில் தட்டோடு உட்காருகிறவர், ஆட்டோவுக்குக் காத்திருக்கிறவர் என்று வீட்டுத் திண்ணை போன பிறகு இந்த ஊர் உட்காருவது ஓரக்கல்லில்தான்.

நடைபாதைக் கடைகளை எல்லாம் எடுத்துவிட்டால் நடக்க இடம் கிடைக்கும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. தெருவில் வியாபாரம் செய்வது, முறைப்படுத்தலுக்கு உட்பட்டு, அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2014ல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. அதன்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும். அதே உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. இரண்டும் சேர்ந்து நிற்க முடியும். ஐஆர்சி 103 நடைபாதையை மூன்று பட்டையாகப் பிரிக்கிறது: சுவரை ஒட்டிக் கொஞ்சம், நடுவில் நடக்க 1.8 மீட்டர், ஓரக்கல்லை ஒட்டி மரம், விளக்குக் கம்பம், கடை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டை. 1.8 மீட்டர் என்பது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகிற அகலம். பூக்கார அம்மாவின் இடம் அந்த மூன்றாவது பட்டை. இடத்தை விழுங்குவது அவருடைய கூடை இல்லை. ஏற்றி நிறுத்தியிருக்கிற பைக் வரிசையும், கடைக்காரர் வெளியே இழுத்துவிட்ட படியும், ஜெனரேட்டரும்தான்.

சென்னை மாநகராட்சி 2014ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நல்ல நடைபாதை என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அந்த இலக்கு எட்டப்படவில்லை. உங்கள் தெருவே சாட்சி. ஆனாலும் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். தாத்தாக்களும் கைக்குழந்தைக்காரர்களும் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று தெரியும். அவர்கள் இதே ஊரில்தான் இருந்தார்கள், வீட்டுக்குள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. கல்லின் உயரத்தை இரண்டு மூன்று இடத்தில் அளந்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதியுங்கள். "பிளாட்பாரம் சரியில்லை" என்று எழுதினால் உடைந்த டைல்ஸை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "ஓரக்கல் உயரம் இத்தனை மில்லிமீட்டர், ஐஆர்சி அளவு 150, தெருமுனையில் சாய்தளம் இல்லை" என்று எழுதுங்கள். அளவோடு வருகிற புகாருக்கு அளவோடுதான் பதில் எழுத முடியும். இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். அடுத்து, உங்கள் தெருவில் தார் போட வருகிற ராத்திரி தூங்கிவிடாதீர்கள். தார் லாரி வருவதற்கு முன்பே இறங்கிப் போய், "மில்லிங் எத்தனை மில்லிமீட்டர் எடுத்தீங்க, எவ்வளவு போடப் போறீங்க?" என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். எடுக்கவே இல்லை என்றால் அப்போதே 1913க்குப் போன் செய்யுங்கள். விடிந்துவிட்டால் ரோடு ஒன்றரை அங்குலம் ஏறியிருக்கும், அதை இறக்க அடுத்த டெண்டர் வரை காத்திருக்க வேண்டும்.